ஆனிமேரிக்கு ஒண்ணுமில்லையாம்!

‘ஒண்ணுமில்ல’ என்ற வார்த்தையைக் கேட்டாலே ஆனிமேரி டீச்சருக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டு மாதமாக வயிற்றால் போகிறது. தண்ணீராகப் போகிறது. காலையில் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஓட வேண்டும். நல்ல தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டும். சில நாள் ஓடியும் பிரயோஜனமில்லாமல், அறுபத்தாறு வயதில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் புடவையைத் தானே அலசிப் போட்டிருக்கிறாள். ஆள் பாதியாகிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். "குடல் பளிச்சுன்னு இருக்கும்மா. ஒண்ணுமில்ல. டென்ஷன்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘ஒண்ணுமில்ல’யைத்தான் தம்பி இன்பசேகரன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் பேசிய பேச்சை நினைத்தால் நமக்கே வயிறு எரிகிறது. மகளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை ஆன்சனின் வீட்டார் பசுமலைக்கு, ஆனிமேரி வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். இலையில் பிரியாணி விழுந்த நேரம் பார்த்து ஆனிமேரி உள்ளே ஓட வேண்டியதாகிவிட்டது. அவள் திரும்பி வருவதற்குள், சபைக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற தோரணையில் இன்பசேகரன் பேசி முடித்திருந்தான்.

"அக்காவுக்கு உடம்புல ஒரு கோளாறும் இல்லைங்க. அத்தான் போனதுலருந்து மனசுதான் சரியில்ல. கோயில்ல பொண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றத நான் பாத்துக்கிறேன். நடுவுல எந்திரிச்சு ஓடுனா நமக்குத்தான அசிங்கம்?"

எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டான் பாருங்கள்!

அப்பா இல்லாத பெண்ணை அண்ணன் கூட்டி வரலாம், மாமா கூட்டி வரலாம். அண்ணன் ஸ்டீவுக்குக் குவைத்தில் லீவு கிடைக்கவில்லை. ஆனால் அம்மா கூட்டி வரக் கூடாதென்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது? பீடத்தின் முன்னால் பாஸ்டர், ‘பெண்ணைக் கொடுப்பது யார்?’ என்று கேட்பார். ‘நான்’ என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். "அத நீ சொல்லு மேரி" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் கண்ணை மூடினார். ஐந்து வருடமாக அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் மாப்பிள்ளை தேடினாள், மண்டபம் பார்த்தாள், நகை எடுத்தாள்.

தம்பி பேசியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஜெனிஷா வாயே திறக்கவில்லை. அதைத்தான் ஆனிமேரியால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை கல்யாணம். சாயங்காலம் கோயிலில் ஒத்திகை.

காலையிலேயே அழகுபாண்டியின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. கைப்பையில் ஒரு மாற்றுப் புடவையைத் திணித்துக்கொண்டு ஆனிமேரி கேட்டைத் திறந்தபோது ஜெனிஷா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"பைபாஸ் ரோட்டுல ஒரு வயித்து டாக்டர் இருக்காங்களாம். பாக்கப் போறேன்."

"இன்னைக்கா? நாளன்னைக்குக் கல்யாணம்மா!"

"கல்யாணம் உனக்கு. வயித்தால போறது எனக்கு."

"அதான் குழாய் விட்டே பாத்துட்டாங்களே, ஒண்ணு..."

"சொல்லு! இன்னொரு தரம் அந்த வார்த்தையச் சொல்லு. திங்கக்கிழமை நான் கோயில் பக்கமே வரமாட்டேன், ஆமா."

 ஜெனிஷா என்ன நினைத்தாளோ, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ பழங்காநத்தம் தாண்டியது. அதற்குமேல் ஆனிமேரியால் பொறுக்க முடியவில்லை.

"அன்னைக்கு உன் மாமன் பேசும்போது ஏண்டி வாயத் தொறக்கல?"

"என்ன சொல்லச் சொல்ற?"

"எங்கம்மாதான் என்னையக் கூட்டிட்டுப் போவாங்கன்னு சொல்லியிருக்கணும்."

ஜெனிஷா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "பயமா இருந்துச்சும்மா. ஆன்சன் ஆபீஸ்ல இருந்தெல்லாம் வர்றாங்க. வீடியோ எடுப்பாங்க. நடந்து போறப்ப உனக்கு எதுனாச்சும் ஆயிருச்சுன்னா?"

"ஆச்சுன்னா எனக்குத்தான ஆகும்?"

"எனக்குத்தாம்மா அசிங்கம்."

ஆனிமேரிக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. கல்யாணப் பெண்ணாயிற்றே என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பெட்ரோல் பங்க் வந்ததும் அழகுபாண்டி வழக்கம்போல வேகத்தைக் குறைத்தான். "நிறுத்தவா டீச்சர்?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். எட்டு மாதமாக அவளை ஏற்றி இறக்குகிறவன். நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனாள்.

டாக்டர் பவதாரிணி சின்ன வயசுக்காரி. ஜெனிஷாவைவிட நாலைந்து வயசு மூத்தவளாக இருந்தால் அதிகம். இவளும் அதையேதான் சொல்லப்போகிறாள் என்று ஆனிமேரி சண்டைக்குத் தயாராகத்தான் உள்ளே போனாள். அந்தப் பெண்ணோ கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தது.

"ரத்தம் போகுதா?"

"இல்ல. வெறுந்தண்ணி."

"தூக்கத்துல எழுப்பி விடுதா?"

"தெனமும்."

"டென்ஷன்ல வர்றது தூங்குற ஆள எழுப்பி விடாதும்மா, பெரும்பாலும். என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. வேற ஒண்ணும் கிடையாது."

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தாள். அங்கே எழுதிக்கொண்டார்கள். இங்கே, பரிசோதனைக் கட்டிலுக்குப் போக மேஜையை ஊன்றி அவள் எழுந்ததை டாக்டர் கவனித்துவிட்டாள்.

"முட்டி வலி இருக்கும் போலயே. அதுக்கு என்ன போடுறீங்க?"

"அதுக்கு மருந்தெல்லாம் சாப்பிடுறதில்ல டாக்டர். என் பையன் குவைத்துலருந்து அனுப்புனதுதான்."

ஜெனிஷா திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்புவது எதுவும் மருந்துக் கணக்கில் வராது. சோப்பு, சென்ட் பாட்டில், தைல டப்பா, பால் பவுடர், மாத்திரை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில்தான் வரும். அது மகனுடைய பாசம். பாசத்தைப் போய் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? ஆனிமேரி அதைச் சாப்பாட்டு மேஜையில், ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். மகனை நினைத்துக்கொண்டே விழுங்குவாள்.

"தெனமுமா?"

"ரெண்டு வேளை. வலி மாத்திரை வயித்த எரிக்கும்னு, கூடவே எரிச்சலுக்கும் ஒரு டப்பா அனுப்பியிருந்தான். அதையும் போட்டுக்குவேன்."

"எப்பலருந்து?"

"போன கிறிஸ்மஸுக்கு முதல் பார்சல் வந்துச்சு. தீரத் தீர அனுப்புறான்."

"வயித்தால போக ஆரம்பிச்சது?"

"பொங்கல் கழிச்சு..."

முப்பது வருடம் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவள். கழித்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஆனிமேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் அவசரப்படாமல் சொன்னாள். "குடல்ல ஒருவித அழற்சி இருக்கும்மா. அபூர்வமா வர்றது. வயசானவங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்குத்தான் கூடுதலா வருது. குழாய் விட்டுப் பாத்தா குடல் நல்லா பளிச்சுன்னுதான் தெரியும். அங்கங்க துணுக்கு துணுக்கா சதை எடுத்து மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்தாத்தான் அகப்படும். அதனால பேரே மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ். நீங்க சொன்ன ரெண்டு மாத்திரையும் அதக் கெளப்பி விடலாம். உங்களுக்கு அதுதான்னு இப்பவே சொல்லமாட்டேன். ஆனா எனக்கு அந்தச் சந்தேகம் பலமா இருக்கு."

"புத்துநோயா டாக்டர்?" ஜெனிஷா முந்திக்கொண்டு கேட்டாள்.

"இல்ல. அதுவா மாறவும் மாறாது. பெரும்பாலும் மாத்திரையிலயே கட்டுப்பட்டுரும்."

"அப்ப அந்த டாக்டர் ஏன் சதை எடுக்கல?" என்று ஆனிமேரி கேட்டாள்.

டாக்டர் மழுப்பவில்லை. "எடுத்திருக்கணும்மா" என்றாள்.

ஆனிமேரிக்கு அழுகை வரவில்லை. ‘அப்பாடா, நம் மேல் தப்பில்லை’ என்ற நிம்மதிகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு மாதம்! ஒரு மனுஷி எட்டு மாதமாக வாய்விட்டுச் சொல்கிறாள், குடல் பளிச்சென்று இருக்கிறதாம், மனசு சரியில்லையாம். பின் பெஞ்சில் வாசலோரமாக உட்கார்ந்து ஆராதனை கேட்டவளை, விசுவாசம் குறைந்துவிட்டது என்று பேசின சபை இது. கெட்ட வார்த்தை தெரிந்திருந்தால் அங்கேயே நாலு சொல்லியிருப்பாள்.

"இப்பவே எடுங்க" என்றாள்.

"கல்யாணம் முடிச்சுட்டு வாங்களேம்மா. மயக்க ஊசி போட்டா இன்னைக்கு பூரா படுத்துக் கெடக்கணும்."

"ஊசி வேணாம். எனக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போகணும்."

எனிமா கொடுத்து, கீழ்க்குடலில் மட்டும் குழாய் விட்டு, துணுக்குகளை எடுத்தார்கள். குடல் பளிச்சென்றுதான் இருந்தது. வலிக்கு ஜெனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஆட்டோவில் அறையத் தோன்றியதே, அதே மகளின் கையைத்தான். பரிசோதனை முடிவு புதன்கிழமைதான் வரும் என்றார்கள். அதுவரை சமாளிக்க டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, குவைத் டப்பாக்கள் இரண்டையும் அன்றோடு நிறுத்தச் சொன்னாள். "உடனே நின்னுராதும்மா, கொஞ்ச நாளாகும்" என்றும் சொல்லியனுப்பினாள்.

வெளியே வந்ததும் ஆனிமேரி மகனுக்குப் போன் போட்டாள்.

"அம்மா! ஸ்தோத்திரம்மா. கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"மாத்திரை அனுப்புனியே, எந்த டாக்டரக் கேட்டுடா அனுப்புன?"

"என்னம்மா ஆச்சு? இன்பா மாமாதான் கேட்டாரு, உனக்கு முட்டி வலி தாங்கலன்னு. இங்க ரூம்ல எல்லாப் பயலும் வீட்டுக்கு வாங்கி அனுப்புறதுதான்."

"எட்டு மாசமா எனக்கு வயித்தால போகுது. தெரியுமா உனக்கு?"

ஸ்டீவ் குரலைத் தாழ்த்தினான்.

"மாமா... உனக்கு மனசு சரியில்லன்னுதாம்மா சொன்னாரு. அதப் பத்திக் கேட்டா நீ வருத்தப்படுவன்னு நான் கேக்கல."

"மாத்திரை வாங்கி அனுப்பத் தெரிஞ்சவனுக்கு, ‘அம்மா, உனக்கு என்ன பண்ணுது’ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையாடா?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அவளும்தான் சொல்லவில்லை. கடல் தாண்டி உழைக்கிற மகனிடம் போய் வயிற்றால் போவதை எந்த அம்மா சொல்வாள்? ஆனால் கோபத்தில் இருக்கும்போது நியாயம் பேச முடியுமா?

சாயங்காலம் கோயிலுக்குப் போனபோது இன்பசேகரன் புதுக் கோட்டை ஒத்திகைக்கே மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். ஜெனிஷா கை கோத்துக்கொள்ள வசதியாக முழங்கையைக்கூட மடித்து வைத்திருந்தான். பீடத்தின் அருகே ஆன்சனும், அவன் அப்பா அம்மாவும், வயதான பாஸ்டரும் காத்திருந்தார்கள்.

"நீ உள்ள போய் உக்காருக்கா. வசதிக்கு வேணும்னா பின் பெஞ்சுலயே இரு."

"நீ போய் உக்காருடா இன்பா. என் மகள நான் கூட்டிட்டு வாரேன்."

"திரும்ப ஆரம்பிக்காதக்கா."

"டாக்டரப் பாத்துட்டு வந்திருக்கேன். குடல்ல அழற்சியா இருக்கும்னு சதை எடுத்திருக்காங்க."

"அப்படியா? ரிசல்ட் என்னைக்கு?"

"புதன்கிழமை."

"அப்ப புதன்கிழமை பேசிக்குவோம். இன்னைய தேதிக்கு ஒண்ணுமில்லதான?"

எவ்வளவு கொழுப்பு இருந்தால் அப்படிக் கேட்பான்! ஆனிமேரிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"ஒண்ணுமில்லையா? ஸ்டீவ்கிட்ட நீ கேட்டு வாங்கிக் குடுத்த மாத்திரைய முழுங்கித்தாண்டா எனக்கு இது வந்திருக்கும்னு டாக்டர் சந்தேகப்படுறாங்க!"

இன்பசேகரன் முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "உன் வலியப் பாத்துச் சகிக்காமக் கேட்டேன்க்கா. நல்லது செஞ்சவனுக்கு இதுதான் மரியாதையா?"

"முட்டி வலின்னு சொன்னேன், நம்புன. வயித்தால போகுதுன்னு சொன்னேன், நம்பல. ஏன்னா முட்டி வலிய நாலு பேருகிட்டச் சொல்லிக்கலாம். இதச் சொல்லிக்க முடியாது. உனக்கு அம்புட்டுதான் கணக்கு. அக்கா பைத்தியம்னாலும் பரவாயில்ல, குடும்பத்துக்கு அசிங்கம் வந்துரக் கூடாது!"

கீபோர்டு வாசிப்பவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனிமேரி யாரையும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்தாள். ஜெனிஷா தயங்கினாள், மாமாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவோடு நடந்தாள்.

கீபோர்டு மறுபடி ஆரம்பித்தது. இரண்டு பெஞ்சு, மூன்று பெஞ்சு, நாலு பெஞ்சு. பாதி தூரம்கூடப் போகவில்லை, அடிவயிற்றைப் பிசைந்தது.

இப்போதா! இந்த நேரத்திலா! ஆனிமேரி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். முடியவில்லை. பின்னால் நின்ற இன்பசேகரன் தொண்டையைச் செருமினான். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லாமல் சொல்கிற செருமல் அது.

எட்டு மாதமாக இந்த மாதிரி நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, போன் வந்த மாதிரியும் எதையோ மறந்துவிட்ட மாதிரியும் நடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இன்று அந்த வெட்கமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நிமிர்ந்து நின்று, வகுப்பறையில் கடைசி பெஞ்சு வரை கேட்ட அதே குரலில் சொன்னாள்.

"ஐயா, எனக்குப் பாத்ரூம் போகணும். போயிட்டு வாரேன். எல்லாரும் கொஞ்சம் காத்திருங்க."

ஆன்சனின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க டீச்சரம்மா, நாங்க எங்கயும் போகல" என்றார் பாஸ்டர்.

அவள் திரும்பி வந்தபோது ஜெனிஷா நடுக் கோயிலில், விட்ட இடத்திலேயே தனியாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இன்பசேகரன் கையை நீட்டியபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"நீங்க போய் உக்காருங்க மாமா. அம்மா வந்துருவாங்க" என்று ஜெனிஷா சொன்னது ஆனிமேரியின் காதில் விழுந்தது.

"அசிங்கமா இருந்துச்சாடி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருந்துச்சு" என்றாள் ஜெனிஷா. "இருந்துட்டுப் போகட்டும். நட."

நடந்தார்கள். இந்தத் தடவை பீடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்டர் புத்தகத்தைப் பிரித்து, திங்கட்கிழமை கேட்கப்போவதை ஒத்திகையாகக் கேட்டார்.

"பெண்ணைக் கொடுப்பது யார்?"

ஆனிமேரி வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்று முன் பெஞ்சிலிருந்து இன்பசேகரன் எழுந்தான். கையில் போன் இருந்தது. குரலில் இப்போது பழைய அதிகாரம் இல்லை, ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "காலையிலயே நான் ஸ்டீவுக்குப் பேசியிருந்தேன், இப்பத்தான் மெசேஜ் வந்திருக்கு. கூடப் பொறந்தவன் இருக்கும்போது நானும் வேணாம், அக்காவும் வேணாம். முதலாளி கால்ல கைல விழுந்து லீவு வாங்கிட்டானாம். நாளைக்கு ராத்திரி வந்து எறங்குறான். தங்கச்சிய அவன்தான் கூட்டிட்டு வருவான். அவனே சொல்லிட்டான்."

"அண்ணன் வருதா?" என்று ஜெனிஷா துள்ளினாள். துள்ளியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

மூன்று வருடமாக மகன் முகத்தைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கியவள் ஆனிமேரி. ஒவ்வொரு ஞாயிறும் அவன் வர வேண்டும் என்றுதான் ஜெபம் பண்ணினாள். இன்று, அவனைப் பெற்ற நாளிலிருந்து முதல் முறையாக, அவன் வராமலே இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பெற்ற தாயை அப்படி நினைக்க வைத்துவிட்டார்களே, பாவிகள்!

பாஸ்டர் இன்னும் புத்தகத்தை மூடவில்லை. அவர் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.